கல்வெட்டில் விட்ட கட்டங்கள்

செத்தவர்களைப் புகழ்வதில் எனக்குக் கை தேர்ந்த பழக்கம். ஆக்லாந்தில் யாழ்ப்பாணத்தார் யாராவது கண்ணை மூடினால் ஐந்தாம் நாளுக்குள் எனக்குத் தொலைபேசி வரும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு வேண்டும் என்பார்கள். கல்வெட்டு என்றால் கல் அல்ல, இறந்தவரின் படம் போட்ட சிறு புத்தகம். இறந்த வருடம், மாதம், பிறை, திதி எல்லாம் அடங்கிய திதி வெண்பா முதல் பக்கத்தில் வரும். பிறகு வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், தேவாரம், நன்றி நவிலல். இடம் மிஞ்சினால் சிலர் கடைசிப் பக்கத்தில் முதலுதவிக் குறிப்பும் போடச் சொல்வார்கள். நான் விடமாட்டேன். போன ஆளுக்கு இனி எதற்கு முதலுதவி?

என் பெயர் தேவதர்ஷினி. வீடு த்ரீ கிங்ஸில். மங்கரேயில் ஒரு சரக்குக் கம்பனியில், சீனாவிலிருந்து வரும் பெட்டிகளின் பத்திரங்களைச் சரிபார்ப்பது வேலை. சீனம் தெரிந்ததால் அந்த வேலை கிடைத்தது. இருபத்திரண்டு வயதில் உதவித்தொகையில் சியான் நகரத்துக்குச் சரித்திரம் படிக்கப் போனதால் சீனம் தெரிந்தது. போன இடத்தில் தாங் காலத்துப் படை ஆளுநர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இங்கே பல்கலைக்கழகத்தில் அவர்களைப் பற்றித்தான் ஆய்வு செய்து பட்டம் வாங்கினேன். நாலு வருடம் ஒப்பந்தத்தில் படிப்பித்தேன். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, ஆளுநர்கள் இன்னும் முடியவில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கன்டெய்னர்களுக்கு நடுவே இருந்துகொண்டு அவர்களுடைய கல்லறைக் கற்களின் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

எல்லையைக் காக்கவென்று அரசவை அனுப்பிய தளபதிகள் அவர்கள். எட்டாம் நூற்றாண்டின் நடுவில் அவர்களில் ஒருவர் பெரும் கலகம் செய்தார். எட்டு வருடம் நாடு எரிந்தது. ஒருவழியாக அடங்கியபோது, கலகக்காரத் தளபதிகளையே வடக்கு மாகாணங்களுக்கு ஆளுநர்களாக இருத்திவிட்டு அரசவை கையைக் கழுவிக்கொண்டது. அதன் பிறகு அங்கே வரியும் அவர்களே, வழக்கும் அவர்களே, படையும் அவர்களே. தகப்பன் செத்தால் படைவீரர்கள் மகனைத் தூக்கி இருத்துவார்கள், அரசன் கொடி அனுப்பி ஒத்துக்கொள்வான். போன நூற்றாண்டிலும் சீனாவில் மாகாணத்துக்கு ஒருவராக இராணுவ ஆளுநர்கள் முளைத்தார்கள். இன்னும் பிறக்காத வருடங்களுக்கான வரியையும் இப்போதே கட்டு என்று சனங்களைப் பிழிந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

தாங் காலத்து ஆளுநர் செத்தால் கல்லறைக்குள் ஒரு சதுரக் கல் வைப்பார்கள். கோடு கிழித்து, கட்டம் கட்டமாக எழுத்து வெட்டியிருப்பார்கள். ஊரை எரித்தவனும் அந்தக் கல்லில் குடிகளின் தந்தைதான். எனக்குப் பிடித்தது அந்தக் கல்லில் எழுதாத இடம். அடக்கம் செய்யும் நாள் தெரியுமுன் கல்லை வெட்ட வேண்டி வந்தால், நாளுக்குரிய கட்டங்களை வெறுமையாக விட்டுவிடுவார்கள். பிறகு நிரப்ப மறந்த கற்களும் உண்டு. ஆயிரத்திருநூறு வருடமாக அந்தக் கட்டங்கள் அப்படியே கிடக்கின்றன.

போன செப்டம்பர் தொடக்கத்தில் குமாரசாமி அண்ணை ஈரலில் புற்றுநோய் வந்து காலமானார். எழுபத்தொரு வயது. ஆக்லாந்தில் அவரால் நன்மை பெறாத ஈழத்தமிழர் வீடு குறைவு. புதிதாக யார் வந்தாலும் விமான நிலையத்துக்குப் போய் ஏற்றி வருவார். வீடு வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவார். பதினேழு வருடங்களுக்கு முன்பு நான் தனியாக வந்து இறங்கியபோது என்னையும் அவர்தான் ஏற்றினார். காருக்குள் ஒரு டப்பாவில் புட்டும் சம்பலும் இருந்தது. “முதல்ல சாப்பிடு பிள்ளை, பிறகு அழலாம்” என்றார். நான் இரண்டையும் ஒன்றாகவே செய்தேன். அந்த மனிதரில் எனக்கு உண்மையாகவே அன்பு இருந்தது.

அதே குமாரசாமி அண்ணை எண்பதுகளில் வடமராட்சிப் பக்கத்தில் ஓர் ஆயுத இயக்கத்தின் பொறுப்பாளராக இருந்தவர். அப்போது ஊருக்கு ஓர் இயக்கம், சந்திக்கு ஒரு முகாம். அவருடைய இயக்கத்தின் பெயர் வேண்டாம், அது பிறகு இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. ஆனால் மூன்று வருடம் நாலைந்து ஊர்களில் வரியும் வழக்கும் தண்டனையும் அவர் கையில் இருந்தன. ஆளுநர் என்றால் என்னவென்று மாணவர்களுக்கு விளங்கவைக்க நான் படாத பாடு பட்டிருக்கிறேன். எனக்கு அதை யாரும் விளங்கவைக்கத் தேவையிருக்கவில்லை.

1986 வைகாசியில் அந்த முகாமிலிருந்து இரண்டு பேர் சைக்கிளில் வந்து, கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர் அருளம்பலத்தை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். சங்கக்கடைச் சீனியை இராணுவத்துக்குக் கொடுத்தார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் திரும்பி வரவில்லை. அவருடைய மனைவி பாக்யலட்சுமி இன்று இதே ஆக்லாந்தில், பக்குரங்காவில், பிளாசாவுக்குப் பின்னால் ஒரு சிறிய யூனிட்டில் தனியாக இருக்கிறார். வயது அறுபத்தெட்டு. மகள் கஜந்தினி வெலிங்டனில் வேலை செய்கிறாள்.

கணவர் இறந்துவிட்டார் என்பது பாக்கியக்காவுக்குத் தெரியும். அதை அவர் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். எந்த நாள் என்பதுதான் தெரியாது. நாள் தெரியாவிட்டால் திதி இல்லை, திதி இல்லாவிட்டால் திவசம் இல்லை. ஐயர் ஒருவர் ஆடி அமாவாசையில் எல்லாரோடும் சேர்த்துச் செய்துவிடச் சொன்னார். “என்ர மனுசன் என்ன பொதுச் சாமானோ?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார் பாக்கியக்கா. ஒருமுறை கோயில் கார்ப் பார்க்கில் குமாரசாமி அண்ணையை மறித்து நேரே கேட்டார். “அக்கா, அது அந்தக் காலம். வாங்கோ, உங்களை வீட்டில கொண்டுபோய் விடுறன்” என்று அவர் கார்க் கதவைத் திறந்தாராம். பாக்கியக்கா மழையில் பஸ்ஸுக்கு நடந்தார்.

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான், செத்தவீடு முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் வீட்டு மேசையில் நான் விக்னேஷுக்கு எதிரே இருந்தேன். விக்னேஷ் குமாரசாமி அண்ணையின் ஒரே மகன். இங்கே பிறந்தவன், முப்பத்துநாலு வயது. தமிழ் கதைப்பான், வாசிக்க வராது. வீட்டு மரத்து எலுமிச்சம்பழம் ஒரு பையும், லப்டொப்பும், ஒரு பழைய படமும் கொண்டுவந்திருந்தான். படத்தில் தாடி வைத்த குமாரசாமி அண்ணை தோளில் துவக்கோடு நின்றார்.

“அப்பா ஒரு கொமாண்டர், அன்ரி. அதைப் பெரிசா எழுதுங்கோ” என்றான். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவனுடைய முகம் சின்னப்பிள்ளை முகமாகிவிட்டது. தகப்பனை இழந்து ஏழு நாள்தான் ஆகியிருந்தது.

“எண்பத்துநாலில இருந்து எண்பத்தேழு மட்டும் அப்பா என்ன செய்தவர் எண்டு அம்மாவைக் கேட்டனியோ?”

“கேட்டனான். ‘ஊருக்குச் சேவை’ எண்டு போடட்டாம்.”

ஊருக்குச் சேவை. இதே சொல்லைச் சீனத்தில் எத்தனை கல்லில் வாசித்திருப்பேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தாங் காலத்து ஆளுநர் ஒருவர் இறந்தபோது, அவருடைய மகன் பத்தாயிரம் சுருள் பட்டோடு ஒரு பெரிய அதிகாரியிடம் போய்த் தகப்பனுக்குக் கல்லறை வாசகம் எழுதித் தரச் சொன்னான். பட்டினி கிடந்து செத்தாலும் இதைச் செய்யமாட்டேன் என்று அவர் திருப்பி அனுப்பியதாக ஏடுகளில் இருக்கிறது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் என் குரல் ஏறிவிடும். நானும் அப்படிப்பட்ட ஆள்தான் என்று ஒரு நினைப்பு. இப்போது மேசையில் பட்டு இல்லை, எலுமிச்சம்பழம் இருந்தது. எதிரே இருந்தவன் ஆளுநரின் வாரிசும் இல்லை, அழுது கண் வீங்கிய ஒரு பிள்ளை. “யோசிச்சுச் சொல்லுறன்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். என்னுடைய வீரம் அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே பாக்கியக்காவின் தொலைபேசி வந்தது. செய்தி எப்படித்தான் பன்மூர் பாலத்தைத் தாண்டிப் பக்குரங்காவுக்குப் பறக்கிறதோ தெரியாது.

“கல்வெட்டு நீதானே எழுதப்போறாய்?”

“இன்னும் முடிவு சொல்லேல்லை அக்கா. மாட்டன் எண்டு சொல்லலாம் எண்டு இருக்கிறன்.”

“நீ மாட்டன் எண்டா எனக்கு என்ன வரப்போகுது? இன்னொராள் எழுதும். நீ எழுது. நான் அவனைத் திட்டி எழுதச் சொல்லேல்லை. அவன்ர திதியை எழுதேக்கை என்ர மனுசன்ர திதியையும் கேட்டு வாங்கித் தா. அவனுக்குத் தெரிஞ்சது அவன்ர மனுசிக்குத் தெரியாமல் இருக்காது. அவளுக்கும் வயசு போகுது, எனக்கும் போகுது. இதை விட்டா இனி ஆரைக் கேக்கிறது?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த அதிகாரி பட்டைத் திருப்பி அனுப்பிப் பேர் வாங்கினாரே, அந்த ஆளுநரின் குடிகளுக்கு அதனால் என்ன கிடைத்தது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

குமாரசாமி அண்ணையின் மனைவி சாந்தகுமாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். சாந்தாக்கா கலியாணம் கட்டியது 1988-இல். முகாம் காலம் அவருக்கு நேரே தெரியாது. நான் சுற்றி வளைக்காமல் அருளம்பலத்தின் பெயரைச் சொல்லி நாளைக் கேட்டேன்.

“செத்த மனுசனை விசாரணை செய்ய எடுத்தனியோ?” என்றார் சாந்தாக்கா. “உன்னை எயார்ப்போர்ட்டில வந்து ஏத்தினவர் அவர். மறந்திட்டியோ?”

“மறக்கேல்லை அக்கா.”

“அப்ப ஊருக்குச் சேவை எண்டு எழுது. நீ எழுதாட்டி எழுத ஆக்கள் இருக்கினம்.”

தொலைபேசியை வைத்துவிட்டார். அவர் சொன்னது பொய்யல்ல. எழுத ஆட்கள் இருந்தார்கள். நானே அப்படி எத்தனை பேருக்கு எழுதியிருக்கிறேன். குடிகாரரை உல்லாசப்பிரியர் என்றும், தம்பியின் காணியைப் பிடித்தவரைக் குடும்பப் பற்றுள்ளவர் என்றும் எழுதிய கை இது.

இரண்டு நாள் கழித்து எழுத உட்கார்ந்தேன். திதி வெண்பா சுலபமாக வந்தது. பிறப்பு, பெற்றோர், பள்ளிக்கூடம், உதைபந்தாட்டக் கெட்டித்தனம் எல்லாம் எழுதினேன். நியூசிலாந்து வாழ்க்கையை இரண்டு பக்கம் எழுதினேன், அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. புட்டையும் சம்பலையும் எழுதும்போது கண் கலங்கிவிட்டது. நடுவில் 1984 – 1987 என்று தலைப்புப் போட்டு, அதற்குக் கீழே மூன்று வரிசையில் வெறும் கட்டங்கள் கீறினேன். வரிசைக்குப் பன்னிரண்டு. அந்தப் பக்கத்தில் வேறு ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மங்கரேயிலிருந்து விக்னேஷுக்கு அனுப்பிவிட்டு, இனி வசவுதான் வரும் என்று காத்திருந்தேன்.

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் விக்னேஷ் பாவம், மிகவும் மரியாதையாகத் தொலைபேசி எடுத்தான்.

“அன்ரி, ஃபொன்ட் பிரச்சினை ஒண்டு. ஒன்பதாம் பக்கத்தில எல்லாம் பொக்ஸ் பொக்ஸா வருது.”

தமிழ் எழுத்துரு இல்லாத கணினியில் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் வருவதை அவன் எத்தனையோ கல்வெட்டு, கலியாண அழைப்பிதழ்களில் பார்த்திருக்கிறான். மூன்று எழுத்துருக்களை இறக்கிப் போட்டுப் பார்த்தானாம். அச்சகத்தில் கொடுத்தபோது அவர்களும் ஃபொன்ட்தான் என்று தலையை ஆட்டி, வேறு கணினியில் திறந்து பார்த்தார்களாம். மற்றப் பக்கங்களெல்லாம் சரியாக வர, இந்தப் பக்கத்துக்கு மட்டும் என்ன வந்தது என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்திருந்தால் அழுதிருப்பேன்.

“அம்மாட்டக் காட்டினனியோ?”

“இண்டைக்குக் காலமை காட்டினனான். இதில என்ன எழுத்து வரவேணும் எண்டு சொல்லுங்கோ, நான் இங்கிலிஸ் எழுத்தில ரைப் பண்ணி மாத்துறன் எண்டன். அம்மா கனநேரம் பாத்துக்கொண்டு இருந்தவ. பிறகு ‘இது ஃபொன்ட் இல்லை’ எண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ள போயிட்டா. அன்ரி, ஃபொன்ட் இல்லாட்டி இது என்ன?”

“அம்மாவே சொல்லட்டும்” என்றேன்.

அடுத்த நாள் சாந்தாக்கா எடுத்தார். என்னைத் திட்டுவதற்கு அவரிடம் நிறைய இருந்தது, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. படித்த திமிர் என்றார். சீனாக்காரன்ர சரித்திரத்தைத் திண்டு திண்டு சொந்தச் சனத்தை மதிக்கத் தெரியாமல் போச்சு என்றார். அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு குரல் இறங்கியது.

“முப்பத்தாறு கட்டம் விட்டிருக்கிறாய். அவரோட நான் இருந்ததும் முப்பத்தாறு வருசம். எண்ணித்தான் கீறினியோ?”

“இல்லை அக்கா. பக்கத்துக்கு அளவா வந்தது, அவ்வளவுதான்.”

“அவ இன்னும் பக்குரங்காவிலதானோ?”

“ஓம்.”

“சனிக்கிழமை கூட்டிக்கொண்டு போ. போனில சொல்லுற விசயமில்லை.”

சனிக்கிழமை காலை விக்னேஷ் காரோட்டினான். நான் முன்னால் இருந்தேன், சாந்தாக்கா வெள்ளைச் சேலையில் பின்னால் இருந்தார். எங்கே போகிறோம் என்று மட்டும் அவனுக்குச் சொல்லியிருந்தது. பன்மூர் பாலத்தில் ஏறும்போது சாந்தாக்கா பின்னாலிருந்து சொன்னார்:

“தம்பி, அப்பா பொறுப்பாளரா இருக்கேக்கை ஒரு மனுசனைப் பிடிச்சுக்கொண்டு போனவை. அந்த மனுசன் வீட்டுக்கு வரேல்லை. அவற்ற மனுசியைப் பாக்கத்தான் போறம்.”

விக்னேஷ் கண்ணாடியில் தாயைப் பார்த்தான். ஏதோ ஆங்கிலத்தில் கேட்கத் தொடங்கி விட்டுவிட்டான். மிச்சத் தூரம் முழுக்க இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வேக எல்லைக்கு மிகவும் கீழே ஓட்டினான். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்தார்கள்.

பாக்கியக்கா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். சாந்தாக்கா படியோடு நின்றுவிட்டார். “நான் இன்னும் துடக்கு. முப்பத்தொண்டு முடியேல்லை. இஞ்ச நிண்டு சொல்லிப்போட்டுப் போறன்” என்றார். சாவு நடந்த வீட்டுக்காரர் அந்தியேட்டி முடியும்வரை இன்னொரு வீட்டுக்குள் கால் வைப்பதில்லை.

“உள்ளுக்கு வாங்கோ” என்றார் பாக்கியக்கா. “இஞ்ச முப்பத்தெட்டு வருசத் துடக்கு.”

சாந்தாக்கா உள்ளே வந்தார். விக்னேஷுக்குக் கதிரை காட்டியும் அவன் இருக்கவில்லை, சுவரோடு நின்றான். பாக்கியக்கா தேத்தண்ணி கேட்கவில்லை. யாழ்ப்பாணத்து வீடொன்றில் அதைக் கேட்காமல் விட்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“என்ர மனுசன் கொலை செய்தவர் எண்டு சொல்ல நான் வரேல்லை” என்று தொடங்கினார் சாந்தாக்கா. “கொல்லேல்லை எண்டு சொல்லவும் வரேல்லை. எனக்குத் தெரியாது. நாள் சொல்லத்தான் வந்தனான்.”

“சொல்லுங்கோ.”

“ஆவணி மாசம் தேய்பிறைத் தசமி. கலியாணம் கட்டின வருசத்தில இருந்து ஒவ்வொரு வருசமும் அண்டைக்கு அவர் தண்ணி வென்னியும் வாயில வைக்கமாட்டார். ஏனெண்டு கேட்டா எழும்பிப் போயிடுவார். நான் தாயின்ர நாளாக்கும் எண்டு நினைச்சன். தாய் செத்தது மாசியில எண்டு பிறகு தெரிஞ்சுது. கேக்கிறதை விட்டிட்டன். இந்த முறை அந்த நாள் ஆஸ்பத்திரியில வந்தது. நேர்ஸ் வந்து சாப்பிடச் சொல்லி மல்லுக்கட்டுறா, இவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடக்கிறார். நான் பேசினன். அப்பதான் சொன்னவர், ‘இண்டைக்கு மனேஜரின்ர நாள், என்னை விடு’ எண்டு. எந்த மனேஜர் எண்டன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திட்டார்.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். “இவள் போனில அருளம்பலம் மனேஜர் எண்டு சொல்லேக்கையே எனக்கு விளங்கிட்டுது. விளங்கினதாலதான் அப்பிடிக் கத்தினனான்.”

பிறகு என்னைப் பார்த்து, “கட்டத்துக்குள்ள அந்த நாளை எழுது. மனேஜரின்ர பேரையும் எழுது” என்றார். “அவர் ஒவ்வொரு வருசமும் அண்டைக்குச் சாப்பிடாமல் இருந்தவர் எண்டதையும் எழுது. ஊருக்குச் சேவை வேண்டாம்.”

“ஓம், அம்மா சொல்லுறதை எழுதுங்கோ அன்ரி” என்றான் விக்னேஷ்.

நான் இருபத்தைந்து வருடமாக வாசித்த எந்த ஆளுநரின் கல்லிலும் இப்படி ஒரு வரி கிடையாது. நிம்மதியாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. தன் ஆட்கள் கொண்டுபோன மனிதருக்கு வருடம் தவறாமல் நாள் காத்த ஒருவர், அந்த நாளை அந்த மனிதரின் மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரே ஊரில், ஒரே கோயிலில், முப்பது வருடம் எதிரெதிரே கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

பாக்கியக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தார். வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி என்று வாய்க்குள் சொன்னார். திரும்பவும் எண்ணினார்.

“ஆவணித் தசமி எண்டது நிச்சயமோ?”

“நிச்சயம்.”

“நான் ஐப்பசி முடியும் மட்டும் சோறு கொண்டுபோனனான்.”

பாக்கியக்கா எங்களில் யாரையும் பார்க்காமல் சொன்னார்.

“ஒவ்வொரு நாளும் மத்தியானம் சாப்பாட்டுக் கரியரில கட்டிக்கொண்டு முகாம் வாசலுக்குப் போவன். உள்ளுக்கு விடமாட்டாங்கள். வாசலில நிக்கிறவன் வாங்கிக்கொண்டு போவான். அரை மணித்தியாலம் கழிச்சு வெறுங் கரியரைக் கழுவித் தருவான். ஐப்பசிக் கடைசியிலதான் இனிக் கொண்டுவராதேங்கோ, ஆள் இஞ்ச இல்லை எண்டவங்கள்.” சாந்தாக்காவின் பக்கம் திரும்பினார். “ஆவணியில அவர் முடிஞ்சுது எண்டா, பிறகு ரண்டு மாசத்துக்கு மேல அந்தச் சோத்தைத் திண்டது ஆர்?”

சாந்தாக்காவின் முகம் மாறியது. பதில் சொல்லாமல் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை.

“கடைசிக் கிழமை அவருக்கு ஒண்டும் இறங்கேல்லை” என்றார் மெல்ல. “என்ன வேணும், என்ன செய்து தர எண்டு கேட்டனான். ‘மனேஜரின்ர மனுசி வச்ச கத்தரிக்காய்ப் பால்கறி மாதிரி பிறகு நான் ஒரு இடத்திலயும் சாப்பிடேல்லை, சாந்தா’ எண்டவர். எனக்குக் கோவம் வந்திட்டுது. முப்பத்தாறு வருசம் சமைச்சுப் போட்டவளிட்டச் சொல்லுற கதையோ எண்டு ஏசினனான். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை, அக்கா. இப்பதான் விளங்குது.”

விக்னேஷ் சுவரோடு சரிந்து கீழே இருந்துவிட்டான்.

வெளியே பிளாசாவுக்குப் போகும் கார்களின் சத்தம் கேட்டது. கடைசியில் பாக்கியக்கா என்னைத்தான் பார்த்தார்.

“கரியர் வெறுமையா வாறதைப் பாத்து நான் சந்தோசப்பட்டனான் பிள்ளை” என்றார். “ஒவ்வொரு நாளும், வீடு வந்து சேருமட்டும் சந்தோசமா நடந்து வந்தனான்.”